தோல்கயிற்றில் மணிமாலை: அறுந்து அறுந்து திரும்பி வருகிறது, வழி தெரிந்தவர்கள் வரவும்

பூம்பாறைக்காரி (கொடைக்கானல்)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். இப்போது தலைவலி எனக்கே வந்துவிட்டது.

வீட்டிலிருந்தபடி மணிமாலை கோத்து, கோக்கர்ஸ் வாக் பக்கம் ஒரு கடைக்கும் ஏரிக்கரையில் ஒரு அண்ணனின் தள்ளுவண்டிக்கும் கொடுக்கிறேன். முதலில் தங்கூசி (நைலான்) நரம்பில்தான் கோத்தேன். போன சீசனுக்கு முன்னால் கடைக்காரர், "இப்ப வர்ற பிள்ளைங்க தோல்கயிறுதான் கேக்குதும்மா, அதுல போட்டுக் குடு" என்றார். சரி என்று கறுப்பு ஒன்று, காப்பிக்கொட்டை நிறம் ஒன்று என 2 மி.மீ. கயிறு இரண்டு சுருள் வரவழைத்தேன். மணி வீட்டில் ஏற்கெனவே கிலோ கணக்கில் கிடந்தது. கண்ணாடி, அகேட், சிவப்புக் கார்னீலியன் என்று கல்மணி, கொஞ்சம் மரமணி.

கயிறு வந்த அன்றே தெரிந்துவிட்டது. பாதி மணிக்குள் அது போகவே போகாது. நுனியைச் சாய்வாகச் சீவி, மெழுகு தடவி, எச்சில் தொட்டு எல்லாம் பார்த்தாயிற்று. அந்தப் பக்கம் அரிசி முனை அளவுக்கு எட்டிப் பார்த்தால் என் பெரியவள் அதைப் பல்லால் கடித்து இழுப்பாள். ஒரு மாலைக்கு இப்படி ஒரு மணி நேரம். பொறுக்க முடியாமல் 1 மி.மீ. கயிறு வாங்கினேன். அது வழுக்கிக்கொண்டு போனது. மே மாதம் நன்றாக விற்றது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. கயிறு அறுந்து ஐந்து மாலை திரும்பி வந்தது. ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் படகில் போகும்போது மழையில் நனைந்து, வெள்ளைச் சுடிதாரின் கழுத்தெல்லாம் கறுப்புக் கறை. அவர் கடையில் வந்து பேசியதை இங்கே எழுத முடியாது. ஐப்பசி மழையில் பெட்டியில் இருந்த முப்பது மாலைக்கும் மாவு தூவினது மாதிரி பூஞ்சை.

தோலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இல்லை, நான்தான் எங்கேயோ தப்புச் செய்கிறேனா?

நூல்கண்டு (மதுரை)

விட்டுவிடுங்கள் அக்கா. மெழுகு போட்ட பருத்திக் கயிறு இருக்கிறது, பார்வைக்குத் தோல் மாதிரியேதான் இருக்கும். சாயம் போகாது, விலையும் குறைவு. நான் ஆறு வருடமாக அதில்தான் கோக்கிறேன். ஒருத்தர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

மலைத்தேன் (கோத்தகிரி)

மதுரை வெயிலுக்கு அது சரி. அக்கா கேட்டது தோலைப் பற்றி.

அக்கா, அறுந்து வந்த ஐந்து மாலையையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் வெளிச்சத்தில் வைத்து அறுந்த முனையைப் பாருங்கள். வழவழவென்று சாய்வாக இருக்கிறதா, துடைப்பம் மாதிரி பிசிறு பிசிறாக இருக்கிறதா? அதைச் சொல்லாமல் இங்கே யார் யோசனை சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பூம்பாறைக்காரி

தூக்கிப் போடவில்லை, மணிக்காக வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீட்டுக்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று தம்பி, இரண்டு விதமும் இருக்கிறது.

மூன்று மாலையில் முனை நாக்கு மாதிரி மெலிந்து போகிறது. ஒரு பக்கம் பளபளவென்று காய்ந்த பசை. மற்ற இரண்டிலும் பிசிறு. அந்த இரண்டும் கார்னீலியன் மணியை ஒட்டியே அறுந்திருக்கிறது. ஒன்றில் மணிக்குள்ளேயே முனை மாட்டிக்கொண்டு இருக்கிறது.

தோல்பட்டறை (ஆம்பூர்)

தங்கச்சி, 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த நாக்கு மாதிரி மெலிந்தது ஒட்டு. அறுந்தது தோல் இல்லை, ஒட்டு விட்டிருக்கிறது.

ஒரு மாட்டுத் தோலின் நீளம் எவ்வளவு? இரண்டு மீட்டர், கொஞ்சம் கூடக்குறைய. உங்களுக்கு வந்த சுருள் எத்தனை மீட்டர்? நடுவில் எத்தனை ஒட்டு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரை நறுக்கி, முனைகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டி, அதற்கப்புறம்தான் உருட்டிச் சாயம் ஏற்றுவார்கள். சாயம் ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். சுருளைப் பிரித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். ஒட்டு வரும் இடத்தில் கயிறு ஒரு விரற்கடைக்கு விறைப்பாக இருக்கும், அல்லது லேசாகத் தடிக்கும். அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். 3 மி.மீ. கயிற்றில் ஒட்டு ஓரளவு தாங்கும், ஒட்டுகிற பரப்பு அதிகம். 1 மி.மீ. கயிற்றில் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது, தலைமுடி கனத்துக்குச் சீவினால்தான் உண்டு.

இன்னொன்று. ஒரே தோலில்கூட முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். கோப்பதற்கு முந்தின இரவு, வெட்டிய கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் பூட்டோ படிக்கல்லோ தொங்கவிடுங்கள். நீளுவது அன்றைக்கே நீண்டுவிடும். கழுத்தில் போட்ட பிறகு நீளாது.

சாயம் பற்றி: கயிற்றைக் குறுக்கே வெட்டி நடுப்பாகத்தைப் பாருங்கள். மேலே மட்டும் கறுப்பு, உள்ளே வேறு நிறம் என்றால் மேற்சாயம், கட்டாயம் கறை விடும். உள்ளே நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோமில் பதனிட்டது. பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் கொஞ்சம் பொறுக்கும். பட்டைத் தோல் வியர்வையும் வெயிலும் பட்டு நிறம் கறுத்து அழகாகும், ஆனால் நனைந்து காய்ந்தால் விறைக்கும்.

நல்ல வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டை உங்கள் ஊர்ச் சமாச்சாரம். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைதான். அப்புறம் சீகை (வாட்டில்) மரத்துப் பட்டை வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வனத்துறை சீகை நட்டதே தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்பதற்காகத்தான்.

மலைத்தேன்

அண்ணே, நட்டது பட்டைக்கு. இப்போது அது புல்வெளியையும் சோலையையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அயல் மரங்களை அகற்ற 2022-ல் அரசு தனிக் கொள்கையே போட்டிருக்கிறது. அதை இங்கே ஆரம்பித்தால் இழை வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

அக்காவின் பிசிறு முனைக்கு வருவோம். அது கயிற்றின் குற்றமே இல்லை, துளையின் குற்றம். அந்தக் கார்னீலியனில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் துளைக்குள் பாருங்கள். நடுவில் ஒரு படி தெரிகிறதா?

பூம்பாறைக்காரி

தெரிகிறது! இரண்டு பக்கமும் அகலமாக இருந்து நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. சில மணியில் இரண்டு துளையும் நேராகக்கூடச் சந்திக்கவில்லை, கோணலாக இருக்கிறது. இத்தனை வருடம் கோத்திருக்கிறேன், ஒரு நாள்கூட உள்ளே பார்த்ததில்லை.

மலைத்தேன்

அதேதான். கல்மணியை ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் வெளிவரும்போது சில்லு பெயர்ந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி துளைப்பார்கள். சந்திக்கிற இடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். அகேட், கார்னீலியன் எல்லாம் இரும்பைவிடக் கடினம், அந்த விளிம்பு கத்தி மாதிரி. நரம்பு சன்னம், நடுவில் தொடாமல் போய்விடும். தோல்கயிறு துளையை அடைத்துக்கொண்டு போகும், நடக்க நடக்க அந்த விளிம்பில் அறுபடும். நீங்கள் சன்னக் கயிறு போட்டதால் சீக்கிரம் அறுந்தது. தடிக் கயிறு போட்டிருந்தால் உள்ளேயே போயிருக்காது. இரண்டில் எது நடந்தாலும் திட்டு வாங்குவது தோல்.

நான் செய்வது இது. டிரில் பிட் ஒரு செட் வைத்திருக்கிறேன், 1 மி.மீ. முதல் அரை அரை மி.மீ. ஏறும். துளைப்பதற்கு இல்லை, அளப்பதற்கு. 2 மி.மீ. கயிற்றுக்கு 2.5 பிட் தடையில்லாமல் உள்ளே போய் வரும் மணியை மட்டும் எடுப்பேன். முடிச்சுப் போட்டு நிறுத்துகிற மணி என்றால் துளை அதற்கு மேல் பெரிதாகவும் இருக்கக்கூடாது, முடிச்சு உள்ளே ஓடிவிடும். மணி வாங்கப் போகும்போது கயிற்றில் ஒரு சாண் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். கடைக்காரர் எட்டு மி.மீ., பத்து மி.மீ. என்று மணியின் பருமனைத்தான் சொல்வார். துளையை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பருமனைப் பற்றிக் கவலையே கிடையாது.

கண்ணாடியில் ஒரு சூட்சுமம். குழாயாக இழுத்து நறுக்கின பொடி மணிக்குத் துளை சிறிதாகத்தான் இருக்கும். விளக்குச் சுடரில் கண்ணாடியை உருக்கி இரும்புக் கம்பியில் சுற்றிச் செய்கிற மணிக்குக் கம்பியின் கனம்தான் துளை. ஆகவே தடிக்கம்பியில் சுற்றினது வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

நூல்கண்டு

துளையைப் பெரிதாக்கிவிட்டால் போச்சு. வைரத்தூள் பூசிய ஊசி அரம் கிடைக்கிறதே.

மலைத்தேன்

மரத்துக்கும் எலும்புக்கும் சரி, கண்ணாடியும் பொறுமை இருந்தால் சரி. கல்லுக்கு வேண்டாம் என்பேன். செய்தே தீர வேண்டும் என்றால் கிண்ணத்துத் தண்ணீருக்குள் மணியை முக்கிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். வறட்டில் அராவினால் மணியும் சூடேறி வெடிக்கும், தூளும் மூச்சில் போகும். குஜராத்தில் கம்பாத் ஊரில் அகேட் பட்டறைக்காரர்களுக்கு அந்தத் தூளால்தான் நுரையீரல் கல்லாகிற சிலிகோசிஸ் வருகிறது. பிள்ளைகள் இருக்கிற வீட்டு அடுப்படியில் அந்த வேலை கூடாது.

கணக்கு வாத்தியார் (ஆயக்குடி)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கோக்கிறவன் இல்லை, கோத்ததைப் பார்க்கிறவன்.

இந்த மணி வேலை நேற்று வந்ததில்லை. பழனியிலிருந்து 12 கிலோமீட்டரில், உங்கள் மலை அடிவாரத்தில் பொருந்தல் என்று ஒரு ஊர். 2009, 2010-ல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். குடியிருப்பு மேட்டில் மட்டும் 2,000-க்கு மேல் கண்ணாடி மணி கிடைத்தது. அதே அகழாய்வில் ஈமக்குழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்ததைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு மணிதான் ஆச்சரியம். அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கல்மணிப் பட்டறையே இருந்திருக்கிறது, துளைபோட்டது, பாதி போட்டது, போடாதது என்று எல்லா நிலையிலும் கிடைத்திருக்கிறது.

மணி கிடைத்தது, கோத்த கயிறு மட்கிப் போயிற்று. நாராக இருந்ததா, நூலா, தோலா? இந்த இழையைப் படித்துக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூம்பாறைக்காரி

வாத்தியார் ஐயா, அவர்களிடம் திரும்பி வந்த மாலை எத்தனையோ! அந்தக் கணக்கு யாருக்கும் கிடைக்கவில்லை.

எல்லாருக்கும் இன்னொரு கேள்வி. என்னிடம் ருத்திராட்சமும் கொஞ்சம் இருக்கிறது, துளை நல்ல பெரிது, 2 மி.மீ. கயிறு சுகமாகப் போகிறது. தைப்பூசத்துக்கு முன்னால் அதைத் தோலில் கோத்து வைக்கலாமா? கடைக்காரர் வேண்டாம் என்று முகத்தைச் சுளிக்கிறார், காரணம் சொல்லமாட்டேன் என்கிறார்.

பாதயாத்திரை (ஒட்டன்சத்திரம்)

காரணம் நான் சொல்கிறேன். மாலை போட்டு விரதம் இருக்கிறவன் தோல்செருப்பையே கழற்றிவிட்டு நடக்கிறான். அவன் கழுத்தில் தோலைக் கட்டுவீர்களா? சாமி மணியைச் செத்த மாட்டின் தோலில் கோத்தது தெரிந்தால் கடை முன்னால் கூட்டம் கூடிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

நூல்கண்டு

சந்நிதியில் வாசிக்கிற தவில் எதில் செய்தது அண்ணே?

பாதயாத்திரை

தவிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதில்லை தம்பி. வாதத்துக்கு எதுவும் பேசலாம். நான் சொல்வது வாங்குகிறவன் மனசு.

மலைத்தேன்

இதில் நான் ஒட்டன்சத்திரம் அண்ணன் பக்கம். வெளியூர்ப் பையன்கள் ருத்திராட்சத்தைத் தோலில் கேட்பார்கள், உண்மைதான். அவர்கள் கேட்டால் கேட்டவருக்கு மட்டும், இது தோல் என்று சொல்லிக் கோத்துக் கொடுங்கள். மேசையில் பரப்பி வைக்க வேண்டாம். சொல்லாமல் விற்பதுதான் தப்பு. சைவச் சாப்பாட்டுக்காரர்களில் சிலர் கைப்பையே தோலில் வாங்கமாட்டார்கள். நூல்கண்டு சொன்ன பருத்திக் கயிறு அங்கே உதவும். அதையும் தோல் என்று சொல்லி விற்காதீர்கள், நூல்கண்டு.

நூல்கண்டு

ஒருத்தர்கூடக் கேட்டதில்லை என்றுதானே சொன்னேன். சரி, சரி.

குன்னூர் ரயில்

அறுந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பூஞ்சை அப்படியே நிற்கிறது. மலையில் இருக்கிறவளுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

பூம்பாறை அக்கா, அந்த முப்பது மாலையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தானே பெட்டியில் வைத்தீர்கள்? எழுதவில்லை, ஆனாலும் தெரியும். ஈரத்தோடு மூடி வைத்தால் தோல் மூச்சு விடாது. எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் வேறு வழியில்லாமல் துணிப்பைக்கு மாறினேன், அப்புறம்தான் பூஞ்சை குறைந்தது. முதலில் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள், உள்ளே உதறினால் அலமாரி முழுக்கப் பரவும். பிறகு பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு லேசாக ஒரு இழுப்பு. முன்னதாக ஒரு துண்டில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில், காற்றில் காயவேண்டும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கமோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். காய்ந்த பிறகு தேன்மெழுகை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, அந்தக் கையாலேயே கயிற்றை உருவிவிடுங்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும், தூசியும் ஒட்டும்.

எங்கள் அம்மா துணி அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எப்போதும் எரியவிடுவார். ஊட்டி, குன்னூரில் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் பூஞ்சை அண்டாது. போன வருடம் என் தம்பி மின்சாரம் மிச்சம் என்று எல்ஈடி மாட்டிவிட்டான். வெளிச்சம் நன்றாக இருந்தது, பட்டுப்புடவையில் பூஞ்சையும் நன்றாகத் தெரிந்தது.

பூம்பாறைக்காரி

பிளாஸ்டிக் கவர்தான். ஜிப் வைத்தது வேறு.

கொக்கி மாட்டுகிற இடத்தையும் கேட்டுவிடுகிறேன். முனையில் மூடி மாட்டி உடனே ஒட்டும் பசை வைத்தேன். இரண்டு வாரத்தில் அந்த இடம் குச்சி மாதிரி விறைத்து முறிந்துவிட்டது.

தோல்பட்டறை

அந்தப் பசை தோலுக்குள் ஊறிக் கண்ணாடி மாதிரி இறுகும். தோல் வளையும், பசை வளையாது. செருப்புக்குப் போடுகிற ரப்பர் பசை வாங்கி, மூடிக்குள் ஒரு பொட்டு வைத்து, ஒரு இரவு விடுங்கள். அமுக்கி நெளிக்கிற மூடி என்றால் மூக்குக்குறட்டால் பதமாக அமுக்க வேண்டும். ஓங்கி அமுக்கினால் அதன் விளிம்பே கயிற்றை அறுத்துவிடும்.

குன்னூர் ரயில்

கொக்கியே வேண்டாம் என்கிறேன் நான். வழுக்கு முடிச்சுப் போடுங்கள், பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே மாலை பொருந்தும். ஒரு மாலைக்கு ஒரு கஜம், அதாவது 36 அங்குலம் கயிறு வெட்டுங்கள். மணி கோத்த பிறகு இரண்டு முனையையும் எதிரெதிராகக் கொண்டுவந்து, நாலு விரல் நீளத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று படுக்க வையுங்கள். வலது முனையால் பக்கத்தில் படுத்திருக்கிற கயிற்றையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த இரண்டு சுற்றுக்குள்ளும் முனையை நுழைத்து இழுங்கள். இடது முனையாலும் அதேபோல, திசை மாற்றி. முடிக்கும் முன் முடிச்சை ஈரத்துணியால் ஒரு ஒற்று ஒற்றி இறுக்குங்கள். காயும்போது தானே கெட்டிப்படும். முனையில் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டினால் உருவிக்கொள்ளும். நைலான் பழக்கத்தில் நுனியை நெருப்பில் காட்டிவிடாதீர்கள். தோல் உருகாது, கருகும். முடி பொசுங்கின நாற்றம் கடை முழுக்க அடிக்கும். தோலா போலியா என்று தெரியாத சுருளுக்கு மட்டும் அந்தச் சோதனை.

மணிக்கு இரண்டு பக்கமும் ஒற்றை முடிச்சுப் போட்டு நிறுத்துவதாக இருந்தால் 2 மி.மீ. கயிற்றில் முடிச்சுக்கு ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு மணி என்றால் பதினாலு முடிச்சு, கயிறு எங்கே போனது என்று தேடுவீர்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் தோல்கயிறு விற்காதீர்கள். நல்ல தோல் அறாது, ஊஞ்சலிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

சோலைக்குருவி (தாண்டிக்குடி)

எல்லாரும் வாங்கின மணியைப் பற்றியே பேசுகிறீர்கள். கொடைக்கானலில் இருந்துகொண்டு கற்பூரக் (யூகலிப்டஸ்) காயை விட்டுவிட்டீர்களே! சாலையோரம் கற்பூர மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், நாலு வரிப்போட்ட சின்னப் பம்பரம் மாதிரி, மேலே வெண்சாம்பல் பூத்திருக்கும். ஒரு மாதம் காயவைத்து 2.5 பிட்டால் நடுவில் துளைத்தால் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். துளை நம் இஷ்டம். கழுத்துச் சூட்டில் லேசாகத் தைல வாசம் வேறு. கல்வாழை விதையும் நன்றாக இருக்கும், கறுப்பாக ஈயக்குண்டு மாதிரி, ஆனால் துளைக்கப் பொறுமை வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள், சாலையோரத்திலேயே தேவைக்கு மேல் கிடக்கிறது.

நானும் குன்றிமணியில் நாலு மாலை கோத்து

மலைத்தேன்

குருவி, பாதியில் அனுப்பிவிட்டீர்கள் போல. ஆனால் முழுசாக வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: குன்றிமணி வேண்டாம். தட்டான் தராசில் எடை போட்ட பொருள்தான், விதையின் தோல் முழுசாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. துளை போட்டால் உள்ளே இருக்கிற அப்ரின் விஷம் வெளியே வந்துவிடுகிறது. துளைக்கிறவர் மூச்சிலும் கண்ணிலும் தூள் படும், வாங்கின வீட்டில் பிள்ளை வாயில் வைக்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் மஞ்சாடி விதை எடுங்கள், ஆனைக்குன்றிமணி என்பார்களே, முழுச் சிவப்பு, கறுப்பு மூக்கு இருக்காது.

சோலைக்குருவி

நெட் போய்விட்டது. "கோத்துக் கொடுத்தேன், அழகாக இருந்தது" என்று எழுத வந்தேன். இப்போது அந்த நாலு பேரையும் தேடிப்பிடிக்க வேண்டும். மூன்று பேர் சொந்தக்காரர்கள்தான்.

கடைவீதி (கொடைக்கானல்)

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கோத்து 350 ரூபாய் சொன்னால், பக்கத்து வண்டியில் 80 ரூபாய் என்று போய்விடுகிறார்கள். மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆன பிறகு வண்டி எத்தனை வருகிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மலைத்தேன்

80 ரூபாய்க்காரர் ரெக்சின் கயிறு போடுகிறார். அவரோடு ஓட முடியாது அண்ணே. அறுந்தால் திரும்பக் கோத்துத் தருவேன் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் பாருங்கள், நான் அப்படித்தான் விற்கிறேன். இரண்டு வருடத்தில் நாலு மாலைதான் திரும்பி வந்தது. அதில் ஒன்று நாய் கடித்தது.

பூம்பாறைக்காரி (ஒன்றரை மாதம் கழித்து)

மார்கழி உறைபனியில் விரல் நீட்டவே முடியவில்லை, அதனால் தாமதம்.

சுருள் இரண்டையும் விரலால் உருவிப் பார்த்தேன். 2 மி.மீ. கறுப்பில் ஒன்பது ஒட்டு, காப்பிக்கொட்டையில் ஆறு. முதல் இரண்டு ஒட்டு தெரியாமல் தாண்டிவிட்டேன், மூன்றாவதில் விரல் பழகிவிட்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 1 மி.மீ. கயிற்றில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். கறுப்பை ஈர வெள்ளைத் துணியில் பிடித்து உருவினால் துணி அடுப்புக்கரி துடைத்த மாதிரி ஆனது. ஏழு தடவை துடைத்துக் காயவைத்து மெழுகு போட்டபின் நின்றது. நடுவில் உப்புத் தண்ணீரில் போடச் சொல்லிக் கடைக்காரர் சொன்னார், போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

பூஞ்சை மாலை முப்பதில் இருபத்திரண்டு தேறியது. துணிப்பையில், குண்டு பல்பு அலமாரியில் இருக்கிறது. பல்பு துணியில் படாமல் வலைக்கூண்டு போட்டுவிட்டேன்.

கற்பூரக் காய் ஏழு, நடுவில் ஒரே ஒரு சுடர்க்கண்ணாடி மணி, காப்பிக்கொட்டைக் கயிறு, வழுக்கு முடிச்சு. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பதினோரு மாலை போயிற்று. ஒரு பாட்டி மோந்து பார்த்துவிட்டு, "சளிக்குக் கேக்குமா?" என்று கேட்டார். கேட்காது பாட்டி என்றேன். இருந்தாலும் இரண்டு வாங்கினார்.

ருத்திராட்சத்தைச் சிவப்பு நூலில் கோத்துத் தனியாகத் தொங்கவிட்டாயிற்று.

தோல்பட்டறை

நல்லது தங்கச்சி. ஒட்டு விழுந்த இடத்தில் வெட்டின துண்டுகளைப் போட்டுவிடாதீர்கள். ஒரு சாண் இருந்தாலும் சாவிக்கொத்து ஆகும். கார்னீலியனை என்ன செய்தீர்கள்?

பூம்பாறைக்காரி

கார்னீலியன் எல்லாம் தங்கூசி நரம்புக்கே திரும்பிப் போய்விட்டது அண்ணா. பெரியவள் பல்லும் தப்பித்தது.